இரண்டாம் நடுவர்

பதினேழு ஆண்டுகளாகத் தாரணி இரண்டு வேலை பார்த்துவந்தாள். வார நாட்களில் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பிக்கும் இணைப் பேராசிரியர். வார இறுதிகளிலும் விடுப்பு நாட்களிலும் கர்நாடக இசை மேடைகளில் வயலின் வாசிப்பவள். பொழுதுபோக்குக்கு வாசிக்கவில்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு முப்பது கச்சேரி, டிசம்பரில் சென்னைக்குப் போனால் இன்னும் ஏழெட்டு. இங்கே பாட வருகிறவர்கள் தேதி குறிப்பதற்கு முன்பே, அவளுக்கு அந்த நாள் ஒழிவா என்று கேட்டுவிடுவார்கள்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, பாசிர் ரிஸ் வீட்டின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் ஒலியை அடக்கும் ரப்பரை மாட்டிக்கொண்டு ஏழு மணி வரை வாசிப்பாள். பிறகு தீவின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக்கு ஒன்றேகால் மணி நேர ரயில் பயணம். உட்கார இடம் கிடைத்தால் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்துவாள். கிடைக்காவிட்டால் அன்று காலை வாசித்ததை நின்றபடியே மனதில் ஓட்டிப் பார்ப்பாள். குழந்தை இல்லை. கணவன் ஷங்கருக்குக் கப்பல் நிறுவனத்தில் வேலை, இசையில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அவளுடைய இரண்டு நாட்காட்டிகளையும் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வது அவன்தான்.

ஒரு வேலையிடத்தில் மற்ற வேலையைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. டிசம்பர் விடுப்புக்குக் காரணம் கேட்டால் சென்னையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள் என்பாள். இசைக்காரர்கள் கேட்டால் ஏதோ டீச்சிங் வேலை என்று முடித்துவிடுவாள். பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில், ஓவியமும் வரைந்துகொண்டிருந்த ஒரு விரிவுரையாளரைப் பற்றி மூத்த பேராசிரியர் ஒருவர் ‘அவன் பாதி நேர ஆள்’ என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அதே ஆண்டு சென்னையில் ஒரு பாடகர், அவள் அடுத்த அறையில் இருப்பது தெரியாமல், ‘அவங்க புரொஃபசர், சும்மா ஆசைக்கு வாசிக்கிறாங்க’ என்று யாரிடமோ சொன்னார். அன்றிலிருந்து இரண்டு இடத்திலும் தன்னை யாரும் பாதி ஆள் என்று சொல்லிவிடக்கூடாது என்பதில் அவள் மிகவும் கவனமாக இருந்தாள்.

லிட்டில் இந்தியாவில், கிளைவ் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் இயங்கிவந்த இசை மன்றம் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தியது. வாய்ப்பாட்டு, வீணை, புல்லாங்குழல், வயலின் என்று எதுவாக இருந்தாலும் நாற்பது வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். முதலிடம் பெறுகிறவருக்கு மன்றத்தின் இசை விழாவில் ஒன்றரை மணி நேரத் தனிக்கச்சேரி. அந்த மேடையில் ஏறிவிட்டால் மற்ற இடங்களிலிருந்தும் அழைப்பு வரும். 2016 முதல் தாரணி அதன் மூன்று நடுவர்களில் ஒருத்தி.

சென்ற ஜனவரியில் மன்றத்துக்கு ஒரு புகார்க் கடிதம் வந்தது. பகல் உணவுக்கு முன்னால் பாடுகிறவர்களுக்கு நடுவர்கள் மதிப்பெண் குறைத்துப் போடுகிறார்கள், தன் மகள் இரண்டு ஆண்டு காலையில் பாடி இரண்டு முறையும் தோற்றாள் என்று ஒரு தாய் எழுதியிருந்தார். மன்றத்தின் செயலாளர் ரத்னவேல், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கடிதத்தைத் தாரணியிடம் காட்டினார். கொரோனாவால் போட்டி நடக்காத ஓராண்டு போக, 2016 முதல் எட்டு ஆண்டு மதிப்பெண் தாள்களும் அலமாரியில் இருப்பதாகவும், கணக்குத் தெரிந்தவள் பார்த்துச் சொன்னால் மன்றத்துக்கு நல்லது என்றும் சொன்னார்.

தானே நடுவராக இருந்த போட்டியைத் தானே ஆராய்வது முறையில்லை என்று அவள் தயங்கினாள். வேறு யாரிடம் போவது என்று ரத்னவேல் கேட்டார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். போட்டியாளர்களின் பெயர் இருக்கக்கூடாது. நடுவர்களின் பெயரும் வேண்டாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும் போட்டு, யாருக்கு எந்த எண் என்பதை அவர் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பத்து நாளில் ரத்னவேலின் மருமகள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து அனுப்பிவைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஷங்கர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது தாரணி அந்தக் கோப்பைத் திறந்தாள். புகாருக்கான பதில் அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. காலையில் வாசித்தவர்களுக்கும் மாலையில் வாசித்தவர்களுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி எந்த வேறுபாடும் இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒரு தரவு கையில் வந்தால் நாலாபக்கமும் திருப்பிப் பார்ப்பது அவளுடைய தொழில் பழக்கம். ஒரே வாசிப்பை மூன்று பேரும் கேட்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு நடுவரும் மற்ற இருவரிடமிருந்து எவ்வளவு விலகிப் போகிறார் என்பதை வாத்திய வாரியாகப் பிரித்துப் பார்த்தாள்.

முதல் நடுவரும் மூன்றாம் நடுவரும் எல்லோருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே போட்டிருந்தார்கள். இரண்டாம் நடுவர் பாட்டுக்கும் வீணைக்கும் புல்லாங்குழலுக்கும் மற்றவர்களோடு ஒத்துப்போனார். வயலினுக்கு மட்டும் நூற்றுக்கு ஏறக்குறைய நான்கு மதிப்பெண் குறைவாகவே போட்டிருந்தார். ஓர் ஆண்டில் மட்டும் இப்படி என்றால் விட்டுவிடலாம். இது ஏறத்தாழ எல்லா ஆண்டும் இருந்தது. தற்செயலாக இப்படி அமைந்திருக்குமா என்று பார்க்க, வாத்தியங்களின் பெயர்களைக் கலைத்துக் கலைத்துப் பத்தாயிரம் முறை கணினியில் ஓட்டினாள். அத்தனை முறையில் இவ்வளவு பெரிய இடைவெளி இரண்டே முறைதான் வந்தது.

எட்டு ஆண்டுகளில் இருபத்தாறு வயலின்காரர்கள் போட்டியிட்டிருந்தார்கள். ஒருவர்கூட முதலிடம் பெறவில்லை.

அவளுக்கு உடனே தனசேகரன் நினைவுக்கு வந்தார். வாய்ப்பாட்டுக்காரர், உடன் நடுவர். தேநீர் இடைவேளைகளில், வயலின் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கத்தான் லாயக்கு, தனியாகக் கேட்டால் கொட்டாவி வரும் என்று அவளிடமே சிரித்துக்கொண்டு சொல்லுவார். பிடிபட்டார் என்று நினைத்தபோது அவளுக்கு ஒரு சின்னத் திருப்திகூட ஏற்பட்டது. இதை அவர் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது என்று வாசகத்தை யோசித்தபடியே அட்டவணையைக் கீழே இழுத்தாள்.

2019-இல் இரண்டாம் நடுவரின் கட்டங்கள் காலியாக இருந்தன. அந்த ஆண்டு அவருக்குப் பதிலாக வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

2019-இல் தனசேகரன் போட்டிக்கு வந்திருந்தார். வீணைக் கலைஞரான மூன்றாவது நடுவரும் வந்திருந்தார். ஆறு மாத ஆய்வு விடுப்பில் மெல்பர்னில் இருந்தவள் தாரணிதான்.

காய்கறிப் பையோடு ஷங்கர் திரும்பி வந்தபோது, அவள் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். உடம்பு சரியில்லையா என்று கேட்டான். அவள் நடந்ததைச் சொன்னாள்.

“உன் சொந்த வாத்தியத்துக்கு நீயே ஏன் கொறைச்சுப் போட்டே?” என்று அவன் கேட்டான்.

அதற்கான காரணம் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நடுவராக உட்கார்ந்த முதல் ஆண்டே, வயலின்காரி வயலினுக்குத்தான் பரிசு கொடுப்பாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று நினைத்தாள். கறாராக இருந்தாள். வீணையில் விரல் தடுமாறினால் அது அவள் காதில் விழுவதற்குள் கடந்து போய்விடும். வயலினில் வில் ஒரு நூலளவு பிசகினாலும் கேட்கும். கேட்டதையெல்லாம் தாளில் கழித்தாள். அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாலை கிளைவ் ஸ்திரீட்டுக்குப் போய் ரத்னவேலிடம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டாம் நடுவர் யார் என்று தன்னிடமிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“புகார் என்ன? காலையில பாடினா மார்க் கொறையுதான்னு. கொறையலை. அதை மட்டும் எழுதிக் கொடுத்துட்டு ஃபைலை மூடிடலாம் லா” என்றார்.

“ரெண்டு வருஷம் ரிசல்ட்டே மாறியிருக்கலாம்ணே. 2018, 2022.”

அந்த இரண்டு ஆண்டும் இரண்டாம் இடத்தில் வந்தவர் வயலின்காரர். முதல் முறை மூன்று மதிப்பெண் வித்தியாசம், அடுத்த முறை இரண்டு. பெயரை நீக்கியிருந்தாலும் அவளுக்கு ஆள் நினைவிருந்தது. இரண்டும் ஒரே ஆள். செல்லக்கண்ணு. லிஃப்ட் பராமரிக்கும் ஒரு நிறுவனத்தில் தொழில்நுட்பர். வேலை முடிந்து சீருடையோடு வந்து, கழிவறையில் வேட்டி மாற்றிக்கொண்டு மேடையேறியவர். இப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. இனி அந்தப் போட்டியில் கலந்துகொள்ள முடியாது.

மன்றத்தின் குழு இரண்டு முறை கூடியது. பழைய முடிவுகளைத் திருத்துவதில்லை என்று தீர்மானித்தார்கள். பரிசு வாங்கியவர்களிடம் போய் என்ன சொல்வது என்று தனசேகரன் கேட்டதில் நியாயம் இருந்தது. இனி மூவர் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டாமல், ஒவ்வொருவரும் வரிசைப்படுத்திய இடத்தை வைத்து முடிவெடுப்பது என்றும், ஆண்டுதோறும் தாள்களை வெளியாள் ஒருவர் சரிபார்ப்பது என்றும் முடிவாயிற்று. ஆய்வின் சுருக்கத்தை மன்றத்தின் இணையப் பக்கத்தில் போடவும் தீர்மானித்தார்கள். தன் பெயரையும் போட வேண்டும் என்று தாரணி வற்புறுத்தினாள். நடுவர் பொறுப்பிலிருந்தும் விலகிக்கொண்டாள். செல்லக்கண்ணுவுக்கு விழாவில் விருந்தினர் கச்சேரி ஒன்று தரலாம் என்று ரத்னவேல் சொன்னார். அதை அவரிடம் தெரிவிக்கும் வேலையைத் தாரணி ஏற்றுக்கொண்டாள். ஆய்வின் முடிவும் இணையப் பக்கத்தில் வெளிவருவதற்கு முன்னால் அவருக்குத் தன் வாயால் தெரியவேண்டும் என்று நினைத்தாள்.

ஜாலான் புசாரில் ஒரு சிறிய ஹோட்டலின் லிஃப்டைப் பார்க்க வருவதாகவும், மூன்று மணிக்கு இடைவேளை என்றும் அவர் பதில் அனுப்பினார். இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருந்த தெருவின் மூலையில் ஒரு காப்பிக் கடையில் சந்தித்தார்கள். அவருடைய விரல் நகங்களின் ஓரத்தில் கிரீஸ் கறை இருந்தது. அவளுக்கும் சேர்த்து அவரே பால் சேர்க்காத தே-ஓ வாங்கி வந்தார்.

அவள் சுற்றிவளைக்காமல் சொன்னாள். எண்களைச் சொன்னாள், தான்தான் அந்த நடுவர் என்றாள், ஏன் அப்படி நடந்தது என்று தான் நினைப்பதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள். அவர் தேநீர்க் குவளையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப ரெண்டு வருஷமும் எனக்கு நாலு மார்க் கொறைஞ்சிருக்கு.”

“கொறைஞ்சிருக்கலாம். நிச்சயமா சொல்ல முடியாது. அது இருபத்தாறு பேரோட சராசரி. உங்க ஒருத்தருக்கு மட்டும் எவ்வளவுன்னு அந்தக் கணக்குல வராது.”

“நிச்சயமா தெரியாதுன்னா என்கிட்ட ஏன் சொல்றீங்க, மேடம்?”

“எனக்கு மட்டும் தெரிஞ்சு, உங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு.”

தெருவில் ஒரு லாரி பின்னால் வந்து நின்று இரும்புக் குழாய்களை இறக்கத் தொடங்கியது. சத்தம் ஓய்ந்த பிறகு அவர் பேசினார். 2022-இல் அவருடைய தாளில், சுரங்களை அசைத்து வாசிக்கும் இடங்களில் அவசரம் தெரிகிறது என்று ஒரு நடுவர் குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் கையெழுத்து தாரணியுடையது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். சிங்கப்பூரிலேயே நல்ல வயலின்காரர் சொல்கிறார் என்று, இரவு முறை வேலைக்கு மாறிக்கொண்டு பகலில் ஒன்றரை ஆண்டு மெதுவாக வாசித்துப் பழகினார். கை கட்டிப்போட்டதுபோல் ஆகிவிட்டது. வாசிக்க உட்காரவே பிடிக்காமல் போனது. 2024-இல் மனு போடவில்லை. அதுதான் அவருக்கு வயது வரம்புக்குள் இருந்த கடைசிப் போட்டி.

“நான் கோபத்துல விடலை, மேடம். நீங்க எழுதினது சரின்னு நம்பித்தான் விட்டேன். இப்ப வந்து கணக்கு தப்புங்கறீங்க. அந்த வருஷத்தையெல்லாம் நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

தாரணி விருந்தினர் கச்சேரியைப் பற்றிச் சொன்னாள். அவர் மறுத்துத் தலையசைத்தார். தோற்றவரைச் சமாதானம் பண்ணக் கொடுத்தது என்றுதான் பேசுவார்கள், தனக்கு அது வேண்டாம் என்றார். பிறகு கைபேசியில் மணி பார்த்துவிட்டு எழுந்தார்.

“வயலினை எடுத்து நாளாச்சு. கொஞ்சம் வாசிச்சுப் பார்க்கிறேன். தேறுதுன்னு தோணுச்சுன்னா உங்களைக் கூப்பிடுறேன். வந்து ஒரு தடவை முழுசாக் கேளுங்க. பேப்பர் பேனா இல்லாம.”

ஆறு வாரம் அவரிடமிருந்து எந்தச் செய்தியும் வரவில்லை. இணையப் பக்கத்தில் சுருக்கம் வெளியானது. இசை வட்டாரத்தில் கொஞ்ச நாள் பேச்சு இருந்தது. ஏப்ரல் கச்சேரிக்கு அவளை அழைத்திருந்த ஒரு மூத்த பாடகி, வேறு ஏற்பாடு செய்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. மற்றவர்கள் வழக்கம்போல அழைத்தார்கள். பரிசு வாங்கிய ஒருவரின் தகப்பனார், சிராங்கூன் சாலையில் அவளைப் பார்த்தும் பாராதவர்போல் எதிர்ப்பக்கம் கடந்து போனார். அவள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் மாதம் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு, மனிதர்கள் போடும் மதிப்பெண்களில் சாய்வு எப்படி நுழைகிறது என்பது பாடம். வழக்கமாக அவள் பாடநூலில் இருக்கும் ஒரு பழைய உதாரணத்தைப் பயன்படுத்துவாள். இந்த முறை மன்றத்தின் அனுமதி வாங்கி, பெயர்கள் இல்லாத அந்த எண்களையே வகுப்பில் கொடுத்தாள். நாற்பது நிமிடத்தில் நான்கு குழுக்களும் இரண்டாம் நடுவரைக் கண்டுபிடித்துவிட்டன. அந்த நடுவருக்கு வயலின் என்றாலே ஆகாது போலும் என்று ஒரு மாணவி சொல்ல, வகுப்பு சிரித்தது. அவர் யாரென்று தெரியுமா என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்.

“நான்தான்,” என்றாள் தாரணி. “நான் வயலின் வாசிக்கிறவள். அதுதான் என்னோட இன்னொரு வேலை.”

அவள் ஆங்கிலத்தில் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களைப் அதற்கு முன் பதினேழு ஆண்டுகளில் அந்தக் கட்டடத்தில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சிரிப்பு நின்றது. பிறகு கேள்விகள் வந்தன. தன் சாய்வு தனக்கே தெரியாதென்றால் ஆய்வாளர் எதை நம்புவது என்று முதலில் பேசிய மாணவி கேட்டாள். அதைப் பற்றி அந்த வகுப்பு மட்டுமல்ல, அடுத்த வகுப்பும் ஓடியது.

அந்த வாரமே துறைத்தலைவர் அவளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். டாக்டர் கோ அதிகம் பேசாதவர். பதவி உயர்வுக்கான அவளுடைய கோப்பு அப்போது அவர் மேசையில் இருந்தது. இனி ஒவ்வொரு டிசம்பரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்ற எண்ணத்தோடுதான் அவள் அந்த அறைக்குள் போனாள்.

அவர் கோப்பைப் புரட்டிவிட்டு, இசையைப் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டார். அது வேலையோடு தொடர்பில்லாதது என்று அவள் ஆரம்பித்தாள். அவர் இடைமறித்து, தானும் தன் மனைவியும் எஸ்பிளனேட் அரங்கில் அவள் வாசித்ததை இரண்டு முறை கேட்டிருப்பதாகச் சொன்னார். துறையில் பலருக்கும் தெரியும். அலுவலக உதவியாளர் தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு மளிகைக் கடைச் சுவரில் அவள் படம் போட்ட சுவரொட்டியைக் கைபேசியில் படமெடுத்து வந்து எல்லோருக்கும் காட்டியிருந்தார். அவள் பேச விரும்பவில்லை என்பதால் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். டிசம்பரில் துறைக் கூட்டங்கள் வைக்காமல் ஜனவரிக்குத் தள்ளுவதே ஐந்தாறு ஆண்டுகளாக அவளை நினைத்துத்தான் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

தாரணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. வீட்டுக்குப் போய் ஷங்கரிடம் சொன்னபோது அவன் ஆச்சரியப்படவே இல்லை. அந்தத் துறையின் ஆண்டு விருந்து ஒன்றில் அவனிடமே இரண்டு பேர் அடுத்த கச்சேரி எப்போது என்று விசாரித்திருந்தார்கள். சொன்னால் அவள் கவலைப்படுவாள் என்று அவன் சொல்லாமல் விட்டிருந்தான்.

ஏப்ரல் தொடக்கத்தில் செல்லக்கண்ணுவிடமிருந்து செய்தி வந்தது. ஞாயிறு காலை பத்து மணி, புக்கிட் மேரா, புளோக் எண், பதினோராவது மாடி. அவ்வளவே எழுதியிருந்தார்.

கூடத்து நாற்காலிகளை ஓரம் தள்ளி ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். செல்லக்கண்ணு மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முதலில் ஒரு சின்ன உருப்படி. பிறகு சஹானா ராகத்தை எடுத்தார். தாரணி கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முதல் பத்து நிமிடம் பழக்கம் விடவில்லை. வில் சறுக்கிய இடங்களை மனம் தானாகவே குறித்துக்கொண்டது. பிறகு மெல்ல அது அடங்கியது. அவர் மேலே போய்த் திரும்பி வரும்போது, எல்லோரும் நின்று இளகுகிற இடத்தில் நிற்காமல், கையை உதறியதுபோல் விட்டுவிட்டு இறங்கினார். மறுபடியும் அப்படியே. மூன்றாவது முறை அவள் அதை எதிர்பார்த்துக் காத்திருந்தாள்.

ஒன்றரை மணி நேரம் வாசித்தார். முடித்துவிட்டு வில்லைத் துடைத்தபடி அவளைப் பார்த்தார்.

“அந்த இறங்குற இடத்துல அவசரம் இருக்கு. அப்பவும் இருந்துச்சு, இப்பவும் இருக்கு,” என்றாள் தாரணி.

“தெரியும். அங்க நின்னா அழுகை மாதிரி ஆயிடுது. எனக்குப் பிடிக்காது. வேணும்னேதான் போறேன்.”

சஹானாவில் அங்கே நிற்காமல் போகலாமா கூடாதா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் அவருடைய வயலினையே கேட்டு வாங்கி, தன் முறையில் வாசித்துக் காட்டினாள். அவர் அதைத் திருப்பி வாங்கி, அப்படி வாசித்தால் எங்கே சவசவவென்று ஆகிறது என்று காட்டினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் மனைவி சாப்பாடு தயார் என்று இரண்டு முறை வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“எனக்கு இன்னும் ஒத்துக்க முடியல,” என்றாள் தாரணி கடைசியில். “ஆனா அது தப்பு இல்ல. உங்களுக்கு அது பிடிச்சிருக்கு, எனக்குப் பிடிக்கல. அன்னைக்கு நான் அதைத் தப்புன்னு எழுதிட்டேன்.”

“இதை நீங்க அன்னைக்கே இப்படி சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன்,” என்றார் அவர். “விட்டிருக்க மாட்டேன்.”

மீன் குழம்பு இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் அனுப்பினார்கள். அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. வாசலில் விடைபெறும்போது, அந்த இரண்டு விழாக்களும் தனக்குத் திரும்பி வராது என்று அவர் அமைதியாகச் சொன்னார். ஆமாம் என்று அவளும் சொன்னாள்.

ஆகஸ்டில் செல்லக்கண்ணு தானே ஒரு கச்சேரி ஏற்பாடு செய்தார். இசை மன்றத்தில் அல்ல, புக்கிட் மேராவில் ஒரு சமூக மன்றத்தின் பல்நோக்கு அறையில், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. மிருதங்கக்காரரைத் தாரணிதான் ஏற்பாடு செய்து கொடுத்தாள். ஷங்கர் இரண்டு நாட்காட்டிகளிலும் அந்த மாலையை ஒதுக்கியிருந்தான். அவனும் கூட வந்தான். ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். ரத்னவேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் லிஃப்ட் நிறுவனத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர், சீனரும் மலாய்க்காரரும் வங்காளதேசத்தவரும், சிலர் வேலைச் சட்டையோடு, எப்போது கை தட்டுவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாரணி அவர்களுக்கு முந்தைய வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள்.

செல்லக்கண்ணு கல்யாணியைப் பதினெட்டு நிமிடம் விரித்தார். இறங்கும் இடங்களில் நிற்காமலே போனார். கை கட்டில்லாமல் ஓடியது. நடுவில் ஒருமுறை வில் சறுக்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

ராகம் முடிந்து மிருதங்கக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்த இடைவெளியில், பின்னாலிருந்த நடுத்தர வயது சீனர் ஒருவர் முன்னால் சாய்ந்து, தணிந்த குரலில் ஆங்கிலத்தில் அவளிடம் கேட்டார். எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, இவரோடு பதினான்கு ஆண்டு வேலை செய்கிறேன், உள்ளபடியே இவர் நன்றாகத்தான் வாசிக்கிறாரா என்றார்.

“ரொம்ப நன்றாக வாசிக்கிறார்,” என்றாள் தாரணி.

அவர் திருப்தியோடு தலையசைத்து, பக்கத்திலிருந்தவரிடம் அதை மலாயில் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். அது வரிசையின் கடைசி ஆள் வரை போய்ச் சேர்வதற்குள் கீர்த்தனை தொடங்கிவிட்டது.